மறுகரை வாசகர் மன்றத்தின் ஒரு ஜோடி இழை

ஜனவரி 9

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. ஊரெல்லாம் பேசிக்கொள்ளக் கம்பி இழுத்துக் கொடுக்கிற கம்பெனியில் இருந்துகொண்டு நீயும் நானும் காகிதத்தில் எழுதிக்கொள்கிறோம் என்று வெளியே தெரிந்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். போனில் பேசினால் நாலாவது வாக்கியத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. ஆபீஸ் மெயிலில் எழுதினால் நீ படிப்பதற்கு முன்னால் மூணு பேர் படித்து முடித்துவிடுகிறார்கள். எக்ஸ்சேஞ்சுக்கும் தலைமை அலுவலகத்துக்கும் போய்வருகிற இந்தத் தபால் பையை மட்டும்தான் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. உள்ளே பழைய பேட்டரி ரசீதைத் தவிர என்ன இருந்துவிடப்போகிறது என்ற அலட்சியம். அலட்சியம் வாழ்க.

உன் சர்க்குலர் வந்தது. இரண்டு கம்பெனியும் ஒன்றாகிவிட்டதால் இனி நெட்வொர்க்கில் இருக்கிற ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே பட்டியலாம். அதில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்கிற குழுவுக்கு நீ தலைவராம். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. என் கீழே பயிற்சிக்கு வந்தவன், எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் டேப்பை நீட்டியவன், இன்றைக்குக் கம்பெனியையே அளக்கிறான். ‘அளவுகோல்’ என்று உனக்குப் பேர் வைத்தவள் நான்தான் என்பதை இங்கே எல்லாரிடமும் இன்னொரு தடவை சொல்லிக்கொண்டேன்.

சர்க்குலரை மேஜையில் விரித்து என் ஆட்களை உட்காரவைத்துப் படித்தேன். மூன்று விதி. பொருள் நம்முடையதாக இருக்கவேண்டும். கண்ணால் பார்த்து உறுதி செய்திருக்கவேண்டும். யாராவது அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கவேண்டும். ஒன்று குறைந்தாலும் பட்டியலில் இடம் கிடையாது.

அறுந்த கேபிளை ஒட்டுகிற ஜாயின்டர் வக்கீலை உனக்குத் தெரியும். சட்டம் படித்தவரில்லை, எதற்கும் வாதாடாமல் விடமாட்டார் என்பதால் வந்த பேர். அவர் ஆரம்பித்தார்.

“மேடம், பேட்டரி ரூம்ல ஏசிப் பெட்டி நிக்குதே, அது நம்மதா?”

“நம்மதுதான்.”

“கண்ணால பாக்கிறோமா?”

“தினமும் பாக்கிறோம், வயித்தெரிச்சலோட.”

“யாராவது பயன்படுத்துறாங்களா?”

“அது குளிர்ந்தே வருஷமாச்சு.”

“நான் அதுமேல ஹெல்மெட் வைக்கிறேனே. அப்ப ஹெல்மெட் ஸ்டாண்டுன்னு சேர்த்துடுங்க.”

அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறேன். பார்த்துக்கொள்.

இனி விஷயம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் போகிற எல்லாமே, போன், இன்டர்நெட், ஆஸ்பத்திரி, தீயணைப்பு நிலையம், செல்போன் டவர்கூட, ஆற்று மணலுக்கு அடியில் கிடக்கிற ஒரே கேபிளில்தான் போகிறது. டவர் காற்றில் பேசினாலும் அதன் கால் தரையில் அல்லவா இருக்கிறது. அந்தக் கேபிள் அறுந்தால் மறுகரை முழுக்க ஊமை. அதற்காகத்தான் பழைய பாலத்து வழியாக, நகராட்சி இரவலாகக் கொடுத்த குழாயில், ஒரு ஜோடி கண்ணாடி இழையைச் சும்மா வைத்திருக்கிறேன். அந்தக் குழாயில் மற்ற இழைகளையெல்லாம் நகராட்சியே பால விளக்குக்கும் கேமராவுக்கும் எடுத்துக்கொண்டது. மிச்சம் இந்த ஒரு ஜோடி. ஆற்றுக் கேபிள் போனால் எக்ஸ்சேஞ்சில் இரண்டு வயரை மாற்றிச் சொருகினால் போதும், டீ ஆறுவதற்குள் மறுகரை பேச ஆரம்பித்துவிடும்.

உன் விதிப்படி பார்த்தால் குழாய் நம்முடையதில்லை, இழை கண்ணில் படாது, யாரும் பயன்படுத்துவதில்லை. மூன்றிலும் ஃபெயில்.

ஆனால் கம்ப்யூட்டரில் அது காலி என்று இல்லை. ‘மறுகரை வாசகர் மன்றம்’ என்ற வாடிக்கையாளர் பேரில் இருக்கிறது. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதுபோல நாங்கள் செய்கிற வேலை இது. எந்த எக்ஸ்சேஞ்சுக்குப் போனாலும் இப்படி ஒரு துண்டு கிடக்கும். அந்த மன்றம் கிடையாது என்று உனக்குத் தெரியும், ஏனென்றால் பேர் வைத்தவனே நீ. நான் மாவு மில் என்று போடச் சொன்னேன். “மில்லுன்னா யாராவது தேடி வருவாங்க அக்கா, வாசகர் மன்றம்னா ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாங்க” என்றாய். எவ்வளவு நல்ல மூளை, தலைமை அலுவலகத்துக்குப் போய்க் கெட்டுப்போயிற்று.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அந்த மன்றத்தை வாடிக்கையாளராகவே பட்டியலில் சேர்த்துவிட்டு மேலே போய்விடு. அக்காவுக்காக ஒரு கண்ணை மூடிக்கொள்.

அக்கா


ஜனவரி 21

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஹெல்மெட் ஸ்டாண்டை எங்கள் குழுவில் ஒருவர் உண்மை என்று நம்பிப் பதிவு செய்துவிட்டார். அதை நீக்க நான் விளக்கக் குறிப்பு எழுதவேண்டியிருந்தது. உனக்கு எல்லாம் விளையாட்டு.

இந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்று நீ கேட்கவே இல்லை. சொல்கிறேன். நம் பழைய பட்டியலில் இருந்த ஒரு டவருக்கு மாதாமாதம் டீசல் வண்டி போய்க்கொண்டிருந்தது. டவரைப் பிரித்து எடுத்துப் பல காலமாகிறது. டீசல் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது, டிரைவரைத் தவிர. இன்னொரு கம்பெனியின் பட்டியலில் ஒரே இணைப்புப் போர்ட்டை ஒரு வங்கிக்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்கும் விற்றிருந்தார்கள். இரண்டு பேரும் தினமும் மாறி மாறிப் புகார். பட்டியலில் ஒரு பொய்யைச் சேர்த்தால் அடுத்து வருகிறவன் அதை நம்பி வேலை செய்வான். நான் பயப்படுவது அதற்குத்தான். நான் அளவெடுப்பது உனக்குச் சிரிப்பாக இருக்கலாம்.

அந்த ஜோடி வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நானும் அந்த ஆற்றைத் தாண்டி வேலைக்குப் போனவன்தான். அதனால் ஒரு வழி யோசித்திருக்கிறேன். ‘அவசரத்துக்கு ஒதுக்கியது’ என்று பட்டியலில் தனிக் கட்டம் வேண்டும் எனக் குழுவில் கேட்கப்போகிறேன். அந்தக் கட்டத்தில் வருவதை விற்பனைப் பிரிவு தொடமுடியாது. அவர்கள் எதிர்ப்பார்கள், சும்மா கிடப்பதை ஏன் விற்கக்கூடாது என்பார்கள். அவர்களுக்குக் காட்ட எனக்கு உண்மையான ஓர் உதாரணம் தேவை. நீ இரண்டு வரி எழுதி அனுப்பு. ‘வாசகர் மன்றம் என்று ஒன்று இல்லை. அது மறுகரைக்காக நான் ஒதுக்கிவைத்த ஜோடி.’ கீழே கையெழுத்து. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சீக்கிரம் அனுப்பு. மன்றத்துக்குப் பில்லே போகவில்லை என்று வசூல் பிரிவு கண்டுபிடித்துவிட்டது. நோட்டீஸ் வரும்.

இன்னொன்று. நீ வைத்த பேர் இங்கேயும் வந்துவிட்டது. போன வாரம் லிஃப்டில் எனக்குப் பின்னால் நின்ற ஒரு பையன் சொன்னான். உனக்குச் சிரிப்பு வரும். உன் ஆட்கள் முன்னால் என் கையிலிருந்த டேப்பைப் பிடுங்கி என்னையே அளந்து காட்டினாயே, அன்றைக்கும் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரித்ததாக நீ இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

தம்பி


பிப்ரவரி 3

தம்பிக்கு,

நோட்டீஸ் வந்தது. மன்றத்தின் முகவரியாக நம் எக்ஸ்சேஞ்சின் பின்கேட்டைத்தானே கொடுத்திருந்தோம். தபால்காரர் பின்கேட்டில் நின்று “வாசகர் மன்றச் செயலாளர் யாருங்க?” என்று கேட்டாராம். அங்கே உட்கார்ந்து கேபிளைச் சீவிக்கொண்டிருந்த வக்கீல் கொஞ்சமும் யோசிக்காமல் “நான்தான், தலைவரும் நான்தான், உறுப்பினர் சேர்க்கையும் நடக்குது” என்று கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டார். அடுத்த நாள் வாடிக்கையாளர் திருப்தி பற்றி ஒரு பெண் போனில் கேட்டாள். எல்லாக் கேள்விக்கும் முழு மதிப்பெண் கொடுத்துவிட்டு, “எங்க ஆண்டு விழாவுக்கு உங்க கம்பெனி நாற்காலி தருமாம்மா?” என்று கேட்டிருக்கிறார். கம்பெனியிலேயே ரொம்பத் திருப்தியான வாடிக்கையாளர் இந்த மன்றம்தான். இதுவரை ஒரு புகார் கிடையாது.

நான் சிரித்துச் சிரித்து உன் அத்தானிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “தம்பி கேட்டதை எழுதிக் கொடுத்துட வேண்டியதுதானே” என்றார். உன் அத்தானுக்கு உன்மேல் எப்போதும் ஒரு கரிசனம். என்னிடம் அது இல்லாத இடத்தையெல்லாம் அவர் நிரப்பிவிடுகிறார்.

எழுதித் தரமாட்டேன் தம்பி.

காரணம் கேள். மலையடி எக்ஸ்சேஞ்சில் கரடி இருக்கிறாரே, உடம்பெல்லாம் முடியும் மனசெல்லாம் வெண்ணெயுமாக ஒரு மனுஷன். போன வருஷம் அவர் நேர்மையாக ‘காலி, அவசரத்துக்கு’ என்று எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரமே விற்பனைப் பிரிவு அதை ஒரு சினிமா தியேட்டருக்கு விற்றுவிட்டது. மழையில் மலைப்பாதை சரிந்து கேபிள் போனபோது கரடி கையில் மாற்று வழி இல்லை. எல்லார் முன்னாலும் அழுதார். அதிலிருந்துதான் எல்லா எக்ஸ்சேஞ்சிலும் துண்டு அதிகமாயிற்று. உண்மையைச் சொல்லிப் பார்த்தாகிவிட்டது, அதை விற்றுவிட்டார்கள்.

நான் கையெழுத்துப் போட்டால் அது என்னோடு நிற்காது. இங்கே ஒரு மன்றம் பொய் என்றால் அங்கே ஒரு சங்கம், இன்னோர் இடத்தில் ஒரு கூட்டுறவு பால் நிலையம் என்று ஒவ்வொரு துண்டாக உருவ ஆரம்பிப்பார்கள். உன் தனிக் கட்டம் வருமோ வராதோ, நாங்கள் அம்மணமாகிவிடுவோம்.

இன்னொரு காரணமும் உண்டு, சொல்லிவிடுகிறேன். மறுகரைக்காக என்று சொல்லி நீ கேட்பது அதற்காக மட்டுமில்லை. ‘நான் பொய் எழுதினேன்’ என்று உன் அக்கா ஒரு காகிதத்தில் எழுதி, அது உன் கையில் இருக்கவேண்டும். டேப் விஷயம் இத்தனை வருஷம் கழித்து எதற்குக் கடிதத்தில் வருகிறது?

மன்றத்தை வாடிக்கையாளர் என்றே சேர். வேறொன்றும் கேட்கவில்லை.

அக்கா


பிப்ரவரி 15

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

தனிக் கட்டம் பற்றிக் குழுவில் கேட்டேன். உதாரணம் காட்டச் சொன்னார்கள். காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. நிராகரித்துவிட்டார்கள்.

உங்கள் விருப்பப்படி மறுகரை வாசகர் மன்றம் ‘வாடிக்கையாளர்’ என்று பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டது. இனி வாடிக்கையாளருக்கு உள்ள விதிகள் எல்லாம் அதற்கும் பொருந்தும். எனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை இனி யாரும் என்னிடம் கேட்கவேண்டாம், நீங்கள் உட்பட.

டேப் விஷயத்தை எழுதியது தவறுதான்.

தம்பி


ஏப்ரல் 6

தம்பிக்கு,

போன கடிதத்தில் நீ ‘நீங்கள்’ போட்டிருந்தாய். கோபம் வந்தால்தான் உனக்கு மரியாதை வரும், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். ஒரு மாசமாக அதை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

வேலை உத்தரவு ஒன்று வந்தது. ‘தொடர்ந்து பயன்பாடு இல்லாத வாடிக்கையாளர் இணைப்புகள் திரும்பப் பெறப்பட்டு, காத்திருக்கும் வாடிக்கையாளருக்கு வழங்கப்படும்.’ கீழே ஊர் ஊராக வரிசை. அதில் மறுகரை வாசகர் மன்றம். அதன் ஜோடி, பாலத்தடியில் புதிதாக வந்திருக்கிற வணிக வளாகத்துக்கு. கண்ணாடிக் கட்டடம், வாசலில் குதிரை பொம்மை, உள்ளே போனால் வெளியே வர வழி தெரியாது.

உத்தரவு வந்த காலையில் உனக்குப் போன் பண்ணினேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி பண்ணினேன். மூன்றாவது தடவை உன் உதவியாளர் எடுத்து, “சார் மீட்டிங்ல இருக்காரு, என்ன விஷயம்னு சொல்லட்டும்?” என்றாள். என்னத்தைச் சொல்வது? இல்லாத மன்றத்தின் இணைப்பை எடுக்காதே என்றா?

பாலத்தடிக்கு நானே போனேன். குழிக்குள் வக்கீல் கேபிள் தோலை உரித்து, அந்த இரண்டு இழையை மட்டும் தனியே விரலில் சுற்றி வைத்திருந்தார்.

“மேடம், மன்றத் தலைவர் நான். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா?”

“கேக்கலை.”

“பொதுக்குழு கூட்டாம இப்படி முடிவெடுக்க முடியாது. வழக்குப் போடலாம்.”

“போடு.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். வேடிக்கைப் பேச்சை விட்டுவிட்டார். “நிஜமாவே வெட்டவா மேடம்? அந்தப் பக்கம் என் வீடு இருக்கு.”

வெட்டாதே என்றால் ஏன் என்று மேலே கேட்பார்கள். ஏன் என்றால் மன்றம் இல்லை என்று சொல்லவேண்டும். கரடியிலிருந்து எல்லாரும் மாட்டுவார்கள். வளாகத்துக்காரர் ஒருத்தர் கழுத்தில் அட்டை தொங்கவிட்டுக்கொண்டு குழிக்கு மேலே நின்று, “முடிஞ்சிடுமா மேடம், திறப்பு விழா இருக்கு” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வெட்டச் சொன்னேன்.

இந்த விதி நீ போட்டதா? அதை மட்டும் எழுது.

அக்கா


ஏப்ரல் 16

அக்காவுக்கு,

ஆமாம், நான் போட்ட விதி. எல்லா ஊருக்கும் ஒரே விதி. உன் ஊரைத் தேடிப் போய்க் கை வைக்கவில்லை.

வரிசை கையெழுத்துக்கு வந்தபோது மன்றத்தின் பேரைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லப்போவதில்லை. அதை மட்டும் அடித்திருந்தால் பக்கத்தில் காரணம் எழுதவேண்டும். காரணம் உன்னிடம் கேட்ட அந்த இரண்டு வரிதான். அது என்னிடம் இல்லை.

போன் விஷயம். உதவியாளர் சொன்னது பொய். மீட்டிங் இல்லை. போன் என் மேஜையில்தான் அடித்தது. திரையில் உன் பேரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எடுத்திருந்தால் நீ அதட்டியிருப்பாய், நான் நிறுத்தியிருப்பேன். பிறகு இன்னும் பத்து வருஷத்துக்கு அதை ஒரு கதையாக எல்லாரிடமும் சொல்லியிருப்பாய், ‘அளவுகோலுக்கு ஒரு அதட்டுப் போட்டேன், வளைஞ்சுட்டான்’ என்று. அதனால்தான் எடுக்கவில்லை.

ஆற்றுக் கேபிள் நல்ல நிலைமையில் இருப்பதாகப் பட்டியல் சொல்கிறது. பார்த்துப் பதிவு செய்தது உன் ஆட்கள்தான். வீணாகப் பயப்படாதே.

தம்பி


ஜூலை 19

தம்பிக்கு,

இந்தத் தடவை வளைக்காமல் எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை காலையில் மழைநீர் வடிகாலுக்காக ஆற்றங்கரையில் பள்ளம் தோண்டிய வண்டி நம் கேபிளை இழுத்துவிட்டது. வெட்டக்கூட இல்லை, கொடியைப் பிடுங்குகிற மாதிரி உருவி எடுத்துவிட்டது. மறுகரை முழுக்க ஒரே நொடியில் போயிற்று.

வக்கீல் பள்ளத்துக்குள் இறங்கினார். பக்கத்திலிருந்து தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. ஒரு ஆள் வாளியால் இறைக்க, இவர் பலகை போட்டு உட்கார்ந்து ஒவ்வோர் இழையாக ஒட்டினார். நான் மேலே குடை பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் பக்கத்தில் பாலம் தெரிந்தது. இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

சாயங்காலம் கடைசி இழையும் ஒட்டி முடிந்தது. வேலை முடிந்தால் ஜாயின்டர்கள் லைனைச் சோதிக்க ஒரு போன் பண்ணுவார்கள். வக்கீல் எப்போதும் வீட்டுக்குத்தான் பண்ணுவார். “என்ன செய்யுற? சும்மா, லைன் வந்துச்சான்னு பாத்தேன்” என்பார். அவ்வளவுதான் பேச்சு. எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

அன்றைக்குப் பக்கத்து வீட்டம்மா எடுத்தாள்.

காலையில் துணி காயப்போடும்போது அவர் மனைவி கீழே விழுந்திருக்கிறாள். வாய் கோணிப் பேச்சு வரவில்லை. பக்கத்து வீட்டம்மா ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறாள். தன் போன்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தெருவில் வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறாள். எல்லார் போனும் கெட்டுத்தான் இருந்தது. வக்கீலுக்கும் போட்டிருக்கிறாள். கடைசியில் சிமெண்டு மூட்டை ஏற்றிப் போன ஒரு வண்டியை மறித்து, மூட்டைகளுக்கு நடுவில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முன்னாலேயே வந்திருந்தால் ஊசி போட்டிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். உயிர் இருக்கிறது. வலது பக்கம் கையும் காலும் வரவில்லை. பேச்சும் இல்லை.

வக்கீல் அந்தப் போனைக் காதில் வைத்துக்கொண்டு பள்ளத்திலேயே நின்றார். நான் மேலே நின்றேன்.

வாராந்திர அறிக்கை உங்கள் ஆபீஸிலிருந்து வந்தது. ‘மறுகரை: பெறப்பட்ட புகார்கள் இல்லை. சேவை பாதிப்பு: குறைவு.’ படித்தேன். புகார் எதில் பண்ணுவார்கள், தம்பி? போன் அல்லவா செத்துக் கிடந்தது?

அக்கா


ஆகஸ்ட் 8

அக்கா,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

அந்த அறிக்கையை நான் எழுதவில்லை, ஆனால் என் மேஜை வழியாகத்தான் போயிற்று. கணக்குப் பூஜ்யம் என்றிருந்ததால் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். நல்ல செய்தியை யாரும் இரண்டு முறை படிப்பதில்லை.

விசாரணை நடந்தது. மாற்று வழி இருந்ததா என்று கேட்டார்கள். பட்டியலில் இல்லை என்று சொன்னேன். அது உண்மை. இருந்ததா என்று அவர்கள் மறுபடி கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. கேட்கவில்லை.

தனிக் கட்டத்தை ஒத்துக்கொண்டுவிட்டார்கள். ‘அவசரத்துக்கு ஒதுக்கியது’. விற்பனைப் பிரிவு தொடமுடியாது என்று எழுத்தில் இருக்கிறது. மறுகரையைத்தான் உதாரணமாகக் காட்டினேன். முடிந்ததும் கை தட்டினார்கள். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

படிவம் எல்லா எக்ஸ்சேஞ்சுக்கும் போய்விட்டது. பத்து நாளாகியும் அந்தக் கட்டத்தில் ஓர் ஊரிலிருந்துகூட ஒரு வரி வரவில்லை. எல்லாரும் ‘இல்லை’ என்றே எழுதி அனுப்புகிறார்கள். கரடிக்கு நானே போன் பண்ணினேன். “எங்ககிட்ட ஒண்ணுமே கிடையாது சார், துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு” என்றார். பொய் என்று தெரிகிறது. என்ன செய்வது?

நீ ஒருத்தி எழுதினால் மற்றவர்களும் எழுதுவார்கள். உன்னைத்தான் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு விஷயம் கேட்கவேண்டும், இது ஆபீஸுக்காக இல்லை. வக்கீலையும் அவர் மனைவியையும் பார்க்க வரலாமா? இன்னொன்று, மறுகரைக்கு இப்போது வேறு வழி ஏதாவது இருக்கிறதா? பாலத்துக்கு அந்தப் பக்கம் இழை இன்னும் அப்படியே கிடக்கிறது என்று நினைக்கிறேன். யாரிடமும் சொல்லமாட்டேன். தெரிந்தால் நிம்மதியாக இருக்கும். தம்பியாகக் கேட்கிறேன்.

தம்பி


செப்டம்பர் 2

தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுதியிருக்கலாம். வக்கீலிடம் பேசாமல் எழுதக்கூடாது என்று தோன்றியது.

அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். மத்தியானம் ஒரு மணி நேரம் வீட்டுக்குப் போய் அவளுக்கு ஊட்டிவிட்டு வருகிறார். இடது கையால் ஸ்பூன் பிடிக்கப் பழக்குகிறாராம். “நான் இத்தனை வருஷம் பேசுனதுக்கு அவ இப்பதான் குறுக்கே பேசாம கேக்கிறா மேடம்” என்றார். அவர் சொன்னதால் எழுதுகிறேன். நான் சிரிக்கவில்லை.

பின்கேட்டில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஜோடியை வெட்டியவர் அவர்தான், அது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதது இரண்டு. நீ ஜனவரியிலேயே வழி சொன்னாய், இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடு என்றாய், நான் மாட்டேன் என்றேன். பிறகு வெட்டுகிற அன்றைக்கு நான் போன் பண்ணினேன், நீ பார்த்துக்கொண்டே எடுக்கவில்லை. இரண்டையும் சொன்னேன். உன்னுடையதை மறைத்து என்னுடையதை மட்டும் சொல்லவில்லை, என்னுடையதை மறைத்து உன்னுடையதைச் சொல்லவும் இல்லை.

வாதாடுவார் என்று காத்திருந்தேன். திட்டுவார், வழக்குப் போடுவேன் என்பார், எழுந்து போய்விடுவார் என்று எல்லாவற்றுக்கும் தயாராக உட்கார்ந்திருந்தேன். அவர் கையிலிருந்த கேபிள் துண்டைச் சீவிக்கொண்டே இருந்தார். “ரெண்டு வரிதானே மேடம்” என்றார். அப்புறம் எழுந்து வேலைக்குப் போய்விட்டார்.

உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் நானாகக் கேட்டேன், தம்பி பார்க்க வரலாமான்னு கேக்கிறான் என்று. “வரட்டும், அவ ஆளுங்களைப் பாத்தா கொஞ்சம் தெம்பா இருக்கா. ஆனா எங்க வீட்டுல உக்காந்து மன்னிப்பு கேக்கக் கூடாது. நான் அதுக்குப் பதில் சொல்லணும், என்னால முடியாது” என்றார். வருவதானால் அந்த மாதிரி வா. என் வீட்டில் தங்கவேண்டாம். உன் அத்தான் கூப்பிடுவார், நான் கூப்பிடவில்லை.

விசாரணைக் குழுவுக்கு நான் எழுதிவிட்டேன், மன்றம் பொய் என்றும் ஜோடி உண்மை என்றும். விசாரணை முடிந்துவிட்டது, புதிய தகவலைச் சேர்ப்பதற்கில்லை என்று பதில் வந்திருக்கிறது. கீழே இருந்த இரண்டு கையெழுத்தில் ஒன்று, பட்டியல் குழுத் தலைவர் என்று, உன்னுடையது. இந்தத் தடவை படித்துவிட்டுத்தான் போட்டிருப்பாய் என்று நினைக்கிறேன்.

உன் படிவத்தை நிரப்பி இதே பையில் அனுப்பியிருக்கிறேன். ‘அவசரத்துக்கு ஒதுக்கியது’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதி முத்திரை வைத்திருக்கிறேன். நல்ல கட்டம் அது. நீ கேட்டபோதே கிடைத்திருந்தால், கேட்டபோதே நான் கொடுத்திருந்தால், அதில் எழுதியிருப்போம். இப்போது எங்கள் பக்கத்தில் யாரும் அதில் ஒரு எழுத்துகூட எழுதமாட்டார்கள். நீ எவ்வளவு சுத்தமாகக் கோடு போட்டுக் கொடுத்தாலும் அது காலியாகத்தான் இருக்கும்.

மறுகரைக்கு இப்போது வேறு வழி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாய். தம்பியாகக் கேட்கிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

வக்கீலுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். உனக்குச் சொல்லமாட்டேன்.

அக்கா